ஒன்றேகால் பவுன்

அபூ ராஷித் கண்ணாடி மேஜைமேல் இரண்டு தோட்டாக்களை அடுத்தடுத்து நிற்கவைத்தார். இரண்டும் ஒரே உயரம். ஒன்று ஒல்லி. மற்றது தடி, அதன் அடிப்பாகத்தில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு பட்டை இருந்தது.

"எல்க் சுடப் போகிறேன். எதை எடுத்துப் போகட்டும்?" என்று கேட்டார்.

மதியத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். மாடியில் அந்தப் பழைய ஏ.சி. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி எண்ணெயின் வாசனையும் அவர் போட்டிருந்த அத்தர் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. மேனேஜர் மஹ்மூது காக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இருபது வருடமாகக் கடையை நடத்துபவர். எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எல்க் என்பது ஆடா மாடா என்று அவருக்குத் தெரியாது. அதை ஒரு வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"எல்க்கா பாபா? எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்."

இப்போது நினைத்தாலும் அந்த வாயை யாராவது பொத்தியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

மூன்றாவது ஆள்

அபுதாபியில் அந்தக் கடைக்கு இரண்டு தளங்கள். கீழே மீன்பிடிச் சாமான், கூடாரம், ராஜாளிகளுக்கான தோல் தொப்பி, கையுறை. மாடியில் ரைஃபிள், தோட்டா. மாடிக்கு லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் வருவார்கள்.

என் விசாவில் 'லோடிங்' என்று எழுதியிருந்தது. பெட்டி இறக்குவது, தரை துடைப்பது, டீ கொண்டுவருவது. மாடியில் காக்காவும் ஒரு பெஷாவர் பட்டாணியும் விற்பனை. மூன்றாவதாக நான் எதற்கு என்று அர்பாப் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அர்பாப் என்றால் முதலாளி. விசா புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. இரண்டு மாதத்தில் நான் மாடிக்குத் தேவையானவன் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

எனக்கு ஊரில் அப்போது பாதி எழும்பிய ஒரு வீடும், முழுதாக எழும்பிய இரண்டு மகள்களும் இருந்தார்கள்.

இந்தத் தொடரைப் படிப்பவர்களில் ஒருவர், "துப்பாக்கிக் கடையில் இத்தனை வருடம் இருந்தீர்களே, எதையெல்லாம் சுட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஒன்றையும் இல்லை ஐயா. இன்றுவரை ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. மிட்டாய்க் கடையில் வேலை செய்கிற சர்க்கரை நோயாளிகள் உண்டு அல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. என் பெயர் செல்வராஜ். வாடிக்கையாளர்கள் வாயில் அது 'ஸல்வா' ஆனது. ஸல்வா என்றால் அரபியில் காடை. பெண்களுக்கும் வைக்கிற பெயர். வேட்டைச் சாமான் விற்கும் கடையில் காடை என்ற பெயரோடு ஓர் ஆண் நடமாடினால் வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "காடையே, உன்னை எந்தக் குண்டால் சுடலாம்?" என்று தினமும் ஒருவராவது கேட்பார். நானும் தினமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பேன்.

பவுன் கணக்கு

தோட்டா என்பது முழுச் சரக்கு. பித்தளைக் குழல், உள்ளே மருந்து, முனையில் குண்டு. துப்பாக்கியை விட்டுப் பறந்து போவது அந்த முனைக் குண்டு மட்டும்தான். அதன் எடையைக் கிராமில் சொல்வதில்லை. கிரெயின் என்று ஒரு பழைய அளவு. நூற்றுமுப்பது கிரெயின், நூற்றைம்பது கிரெயின், நூற்றெண்பது கிரெயின் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும்.

மாடிக்கு வந்த புதிதில் எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நூற்றெண்பது என்றதும் கிராம் என்று நினைத்து, இத்தனூண்டு பொருள் எப்படி ஒரு டம்ளர் அரிசி எடை இருக்கும் என்று குழம்பினேன்.

வளைகுடாவுக்கு வருமுன் கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையில் இரண்டு வருடம் எடுபிடியாக இருந்தவன் நான். எடை என்றால் எனக்குப் பவுன்தான். ஒரு பவுன் எட்டு கிராம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் காக்காவின் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு பவுன் என்பது ஏறக்குறைய நூற்றிருபத்துமூன்று கிரெயின்.

அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. நூற்றுமுப்பது என்றால் ஒரு பவுனும் ஒரு பொட்டுக்கம்மலும். நூற்றைம்பது என்றால் ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. நூற்றெண்பது என்றால் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு எந்தப் பெட்டியை எடுத்தாலும் உள்ளங்கையில் ஒரு நகை வைத்த நினைப்பு வந்துவிடும். காக்காவிடம் சொன்னேன்.

"நல்லவேளை, கஸ்டமர்கிட்ட செய்கூலி சேதாரம் கேக்காம இருக்கியே," என்றார்.

ஆனால் அந்தக் கணக்கு எனக்குக் கைகொடுத்தது. லேசான குண்டு வேகமாகப் போகும், சீக்கிரம் சிதறும். கனத்த குண்டு மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும். சின்ன மானுக்கு லேசானது போதும். எலும்பு தடித்த பெரிய மிருகத்துக்குக் கனம் வேண்டும். இவ்வளவும் கேட்டலாக் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றது.

துரையின் எல்க்

எனக்கு எல்க் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

என் அப்பா இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் துரை வளர்த்த வேட்டை நாய்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவது அவர் வேலை. பிறகு இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் குடும்பம் கோத்தகிரிக்கு வந்துவிட்டது. நான் கோத்தகிரியில் பிறந்தேன்.

எங்கள் பக்கம் கோஸ் தோட்டத்தில் கடமான் வந்து மேயும். மற்றவர்கள் கடமான் என்பார்கள். அப்பா மட்டும் இலங்கைப் பேச்சில் மரை என்பார். வெளியாள் யாராவது வந்தால் கொஞ்சம் கெத்தாக, "துரை அதை எல்க்குன்னுதான் சொல்லுவார்," என்பார். அப்படியாக எல்க் என்ற சொல் எனக்குப் பால்குடி காலத்திலிருந்தே பழக்கம். கறுத்த உடம்பு, பிடரி மயிர், ஒரு கொம்புக்கு மூன்று கிளை. சாயங்காலம் கோஸ் தின்னும். தகரத்தைத் தட்டினால் ஓடிவிடும்.

இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் கேள்விப்பட்ட ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் பெயரை எங்கள் மரையின் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கே தெரியாது.

அதனால் அபூ ராஷித் எல்க் என்றதும் என் கண்முன் நின்றது கோஸ் தின்னும் மரை.

அவருடைய தோள்

அபூ ராஷித் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உயரமான மனிதர். மகன் ராஷித் கனடாவில் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் அங்கே மலையில் எல்க் வேட்டைக்கு ஏற்பாடு செய்திருந்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு வாரம். ஆளுக்கு ஒரு மிருகத்துக்குத்தான் அனுமதி.

அவரிடம் இரண்டு ரைஃபிள்கள் இருந்தன. ஒல்லித் தோட்டா 'டூ செவன்ட்டி'க்கு. பட்டை கட்டிய தடித் தோட்டா 'த்ரீ ஹண்ட்ரட் மேக்னம்' என்ற பெரிய துப்பாக்கிக்கு. மேக்னம்தான் எடுத்து வர வேண்டும், இங்கே எல்லோரும் அதுதான் வைத்திருக்கிறார்கள் என்று மகன் போனில் சொல்லியிருந்தான்.

ஆனால் மேக்னம் சுட்டால் தோளில் கழுதை உதைத்த மாதிரி உதைக்கும். அபூ ராஷித்துக்கு வலது தோளில் ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது. ராணுவ வண்டி கவிழ்ந்ததில் எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். ஒருமுறை சுடும் மைதானத்தில் நான் கவனித்திருக்கிறேன். மேக்னத்தின் விசையை இழுப்பதற்கு முன் அவர் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணை மூடிச் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இதை மகனிடம் சொல்லவில்லை. எந்த அப்பாதான் சொல்வார்?

அதனால் சின்னத் துப்பாக்கியே போதும் என்று யாராவது விஷயம் தெரிந்தவன் சொல்ல மாட்டானா என்று ஏங்கிக்கொண்டுதான் அவர் மாடிப்படி ஏறியிருக்கிறார். நான் கிடைத்தேன்.

"டூ செவன்ட்டி தாராளமாகப் போதும் பாபா," என்றேன். "நூற்றுமுப்பது கிரெயின் எடுத்துக்கொள்ளுங்கள். எல்க் எங்கள் ஊரில் கோஸ் தின்ன வரும். அவ்வளவு ஒன்றும் பெரிய ஜீவன் இல்லை."

அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. தடித் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடிமேல் ஒல்லித் தோட்டா தனியாக நின்றது. நான் நாற்பது தோட்டாக்களைக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாளே அவர் அர்பாப்பிடம் பேசினார். எல்க்கைச் சிறுவயது முதல் அறிந்த ஒருவனைத் தரை துடைக்க வைத்திருக்கிறாயே என்று கடிந்துகொண்டாராம். அந்த வாரமே நான் டீ கொண்டுவருவது நின்றது. விசாவை 'சேல்ஸ்மேன்' என்று மாற்றப் பேப்பர் தயாரானது. பட்டாணி எனக்கு டீ கொண்டுவந்தான், முறைத்துக்கொண்டே.

ஆறு கிளை

இரண்டு வாரம் கழித்து அபூ ராஷித் மறுபடி வந்தார். கையில் வழவழப்பான ஒரு கலர் புத்தகம். கனடாவில் வேட்டைக்கு அழைத்துப் போகிறவர்கள் அனுப்பியது. மகன் தபாலில் போட்டிருக்கிறான். அவர் அதை மேஜையில் விரித்து ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார்.

"பார் ஸதீக், உன் ஊர்க்காரன்!" என்றார். ஸதீக் என்றால் நண்பன்.

நான் பார்த்தேன்.

படத்தில் ஒரு மிருகம் நின்றது. வெளுத்த உடம்பு, கறுத்த கழுத்து. தலைக்கு மேலே கொம்பு மரம்போல் எழும்பிப் பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். பக்கத்துப் படத்தில் ஒரு குதிரை நின்றது. குதிரைக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கீழே எடை போட்டிருந்தது, எழுநூறு பவுண்டு. எங்கள் மரை அதில் முக்கால் பங்குகூட வராது.

அது மரை இல்லை. நான் வாழ்நாளில் பார்த்திராத ஏதோ ஒன்று.

"ஆமாம் பாபா," என்றேன். "எங்கள் ஊர்க்காரன்தான்."

முதலில் சொன்னது அறியாமை. இது பொய். உண்மை தெரிந்ததற்கும் பொய் சொன்னதற்கும் நடுவே இருந்த நேரம், அவர் விரலை எடுப்பதற்கு ஆன நேரம்தான்.

அவர் போனதும் கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கட்டிக் கொடுத்த நூற்றுமுப்பது கிரெயின் சாதாரணக் குண்டு, பாலைவன மானுக்கும் ஆட்டுக்கும் ஏற்றது. அவ்வளவு பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடலாம். மிருகம் உடனே சாகாது. ரத்தம் ஒழுக மலை ஏறிப் போய், எங்காவது புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். அவர் மகன் முன்னால் தலைகுனிந்து நிற்பார். இத்தனைக்கும் ஒரே ஒரு மிருகத்துக்குத்தான் அனுமதி.

காக்காவிடம் சொன்னேன்.

"காக்கா, தப்புப் பண்ணிட்டேன். அவர் சொல்ற எல்க்கு வேற, நான் சொன்ன எல்க்கு வேற."

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தன எல்க்கு இருக்கு உலகத்துல?"

"ரெண்டு இருக்கு போல."

"சரி, ரெண்டும் மானு தானே?"

"மானுதான். ஆனா இது குதிர ஒசரம் இருக்கு காக்கா."

அவர் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்க பாரு செல்வம். உன் பேப்பர் டைப்பிங் சென்டர்ல இருக்கு. அடுத்த வாரம் ஸ்டாம்பிங். அது முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. அவருக்குக் குறி தப்பிச்சுன்னா மிருகத்த திட்டுவாரு, காத்தத் திட்டுவாரு. உன்னத் திட்ட மாட்டாரு."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எனக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் கூடுதலாக இருந்தது.

மைதானம்

வியாழக்கிழமை சாயங்காலம் அபூ ராஷித் சுடும் மைதானத்துக்குப் போனார். புதுத் தோட்டாவுக்கு ஏற்றபடி துப்பாக்கியின் டெலஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டும். குண்டின் எடை மாறினால் அது விழும் இடமும் மாறும். நல்ல வாடிக்கையாளர்களுக்குக் காகித இலக்குகளோடு கடையிலிருந்து ஓர் ஆளை அனுப்புவது வழக்கம். என்னை அனுப்பினார்கள். அவர் காரிலேயே போனேன்.

மூன்று தோட்டா சுட்டார். நான் போய்க் காகிதத்தை எடுத்து வந்தேன். மூன்று ஓட்டைகளையும் ஒரு திர்ஹம் நாணயத்தால் மூடிவிடலாம்.

"தோள் வலிக்கவே இல்லை. எல்லாம் உன்னால்தான்," என்று என் முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டலை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவருடைய இந்தியும் என்னுடைய அரபியும் இரண்டும் அரைகுறை. மரையும் துரையும் கோஸும் மூன்று கிளையும் ஆறு கிளையுமாக ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"படத்தைக் காட்டினேனே. ஆமாம் என்றாயே?"

"என்றேன் பாபா."

"அப்போதே தெரியுமா?"

"தெரியும்."

அவர் தாடியைத் தடவினார். "உன் மிருகத்தின் பெயர் என்ன சொன்னாய்?"

"மரை."

"மராயீ? எங்கள் மொழியில் அது மேய்ச்சல் நிலம்." அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மேய்ச்சல் நிலத்தைச் சுட எனக்குத் தோட்டா கொடுத்திருக்கிறாய். எங்கள் மஜ்லிஸில் உன்னைப் பற்றிச் சொன்னேன். எல்க்கோடு வளர்ந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"மேக்னம் வேண்டாம் பாபா. அதைச் சுடும்போது உங்கள் கண் மூடிக்கொள்கிறது, நான் பார்த்தேன். இதே துப்பாக்கி இருக்கட்டும். குண்டை மட்டும் மாற்றுங்கள். நூற்றைம்பது கிரெயின். செம்பு உறையும் உள்ளே ஈயமும் ஒன்றோடொன்று ஒட்டவைத்த குண்டு. சிதறாது, விரிந்தபடியே உள்ளே போகும். கடையில் இரண்டு பெட்டி கிடக்கிறது, இங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. இருநூறு மீட்டருக்கு உள்ளே வந்தால் மட்டும் சுடுங்கள். தோள் எலும்புக்குக் குறி வைக்காதீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால்."

ஒரு காக்கையைக்கூடச் சுடாதவன் ஒரு ராணுவக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் கண் பற்றிப் பேச நீ யார் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். காரில் ஏறினார். போய்விட்டார்.

கனடா வரை போகிறவர் என்னை மெயின் ரோடு வரைகூடக் கொண்டுபோய் விடவில்லை. மணலில் ஒரு மணி நேரம் நடந்து பஸ் பிடித்தேன். காகித இலக்கு கையிலேயே இருந்தது. நடக்க நடக்கப் பசித்தது. அறைக்குப் போய் இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

காக்கா சொன்னது

சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தபோது அர்பாப்பும் இருந்தார். நேராகக் காக்காவிடம் போய் நூற்றைம்பது கிரெயினில் இரண்டு பெட்டி என்று கேட்டார். போன மாதம்தானே நாற்பது வாங்கினாய் என்றார் அர்பாப்.

"அது வேறு மிருகத்துக்கு," என்றார் அபூ ராஷித். "இவன் எல்க்கைப் பார்த்ததே இல்லை."

என் பக்கம் திரும்பவில்லை. தோட்டாக்களோடு படியிறங்கிப் போனார்.

அர்பாப் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என் பேப்பரை நிறுத்தச் சொல்லி டைப்பிங் சென்டருக்குப் போன் போனது. காக்கா அரை மணி நேரம் எனக்காக மன்றாடினார். அவர் மன்றாடியதால் ஊருக்கு அனுப்பவில்லை. பழைய 'லோடிங்' விசாவோடு ராஸ் அல் கைமா கிளைக்கு அனுப்பினார்கள். அது வெறும் மீன்பிடிச் சாமான் கடை.

"வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டியே," என்றார் காக்கா, என் பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றும்போது. "ரெண்டு தடவ கொடுத்துட்டே. மொத தடவ தெரியாததத் தெரியும்னு சொன்னே. ரெண்டாந்தடவ தெரிஞ்சதச் சொன்னே. ரெண்டுல ஒண்ண வுட்டிருக்கலாம்."

ஜோடி

ராஸ் அல் கைமாவில் கடை துறைமுகத்துக்குப் பக்கம். வலை, தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு. இங்கேயும் ஈயம்தான், ஆனால் தண்ணீரில் மூழ்குகிற ஈயம். வெள்ளிக்கிழமைகளில் சிமெண்டுக் கம்பெனி கேம்ப்பிலிருந்து நம் ஆட்கள் கூட்டமாக வந்து ஒரு முள்ளையும் கொஞ்சம் நரம்பையும் வாங்கிக்கொண்டு போவார்கள். யாரும் என்னிடம் எல்க் பற்றிக் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கனடாவில் என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

குளிர்காலம் வந்த பிறகு ஒருநாள் காக்கா ஸ்டாக் பார்க்க வந்தார். எல்லாம் பார்த்து முடித்து, டீயும் குடித்த பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"அபூ ராஷித் குடுத்தாரு. காடைகிட்டச் சேத்துடுன்னாரு."

திறந்தேன். டிஷ்யூ காகிதத்தில் ஒரு குண்டு சுற்றியிருந்தது. முனை விரிந்து, செம்பு நாலு பக்கமும் இதழ் இதழாகப் பின்னால் மடங்கி, நடுவில் ஈயம் மங்கலாகத் தெரிந்தது. அடிப்பாகம் மட்டும் பழைய உருளையாக அப்படியே இருந்தது.

"இந்தப் பக்கம் தோளுக்குப் பின்னால போயி, அந்தப் பக்கம் தோலுக்கு அடியில நின்னுச்சாம். தோல உரிக்கும்போது கெடச்சுதாம். ஒரே வெடிதான். பத்தடி நடந்து படுத்துடுச்சாம்." காக்கா டீ கப்பைக் கீழே வைத்தார். "நூத்துமுப்பதா இருந்தா பாதிகூடப் போயிருக்காதுன்னு அவரே சொன்னாரு."

"வேற என்ன சொன்னாரு காக்கா?"

"ஒண்ணும் சொல்லல."

"அர்பாப்கிட்ட ஏதாவது..."

"ஒண்ணும் சொல்லல செல்வம்."

சரி என்றேன். எதிர்பார்த்தது தப்புத்தான். ஆனால் எதிர்பார்த்தேன்.

அன்று கடை அடைத்ததும் சூக் என்கிற கடைத்தெருவில் இருந்த தங்கக் கடைக்குப் போனேன். அங்கே நகை வேலை செய்கிற பழனி எங்கள் கட்டிடத்தில்தான் குடியிருந்தார். கோயம்புத்தூர் ஆசாரி. தீப்பெட்டியை அவர் மேஜையில் வைத்து, இதை எடை போட்டுச் சொல்ல வேண்டும் என்றேன்.

பழனி இடுக்கியால் எடுத்து விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தராசில் வைத்தார். கண்ணாடி மூடியைச் சாத்தினார். எண்கள் ஓடி நின்றன.

"ஏழு எழுபத்தெட்டுங்க. ஒரு பவுனுக்குக் கால் கிராம் குறையுதுங்க."

ஒன்றேகால் பவுனாகப் போனது, ஒரு பவுனாகத் திரும்பி வந்திருந்தது. மீதி கனடாவில் இருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது? நுவரெலியாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழனி அதை இன்னும் விளக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். மடங்கிய இதழ்களை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"பூவு நல்லா வந்திருக்குதுங்க. செம்புல பண்ணுன கம்மலுங்களா? இது ஒத்தையா இருக்குதே, இதோட ஜோடி எங்கீங்க?"

"ஜோடி தேவைப்படலீங்க," என்றேன்.